கதவுப் பச்சை

வருஷத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில்,
நகராட்சி எனக்கு இரண்டு டப்பா பச்சை தரும்.
பூங்கா பெஞ்சுகளுக்கு ஒன்று.
ஒட்டகச்சிவிங்கி ரமோனாவின் கதவுக்கு ஒன்று.
பெஞ்சுப் பச்சை அடுத்த செப்டம்பர் வரை தாங்கும்.
கதவுப் பச்சை
ஒரு கிறிஸ்துமஸைக்கூடப் பார்த்ததில்லை.

மழை என்று நினைத்தேன்.
உருகுவே ஆற்றின் ஈரக்காற்று என்றேன்.
டப்பாவில் கலப்படம் என்று
கடைக்கார ஒஸ்வால்தோவிடம் சண்டைக்கும் போனேன்.
அவன் மூடியைத் திறந்து
கட்டைவிரலை முக்கிக் காட்டினான்.
ஒரு வாரம்
அந்தப் பச்சை விரலோடுதான் சில்லறை எண்ணினான்.

ஆறாம் வருஷம் ஒரு மத்தியானம்
கண்ணயர நிழல் தேடி
அவள் கதவுக்கு எதிரே சாய்ந்தபோது பார்த்தேன்.
மல்பெரி தின்ற பிள்ளைகளின் நாக்குபோல்
கருநீலமாய்,
ஒரு முழம்.
மூன்றாம் கம்பியில்
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே.
அவசரம் இல்லை, ருசியும் இல்லை.
பேருந்தில் தூங்கிப்போனவரின் கை
பை வாரை மட்டும் விடாமல் பிடித்திருக்குமே,
அப்படி.
கண் வேறெங்கோ இருந்தது.

ஆறு டப்பா.
என் கையால் பூசியது,
அவள் வயிற்றில்.

அன்று தூக்கம் வரவில்லை.

மருத்துவர் கிராசியேலா வியாழன்தோறும் வருவாள்,
மாத்தே குடுவையும் வெந்நீர்க் குப்பியும் அக்குளில் இடுக்கியபடி.
"வெளியில் இருந்தால்
தின்பது அவளுக்குப் பகல் முழுக்க வேலை.
முள் தப்பி முள் தப்பி
இலை இலையாய் உருவ வேண்டும்.
நாம் குதிரைமசாலை வெட்டித் தொட்டியில் கொட்டுகிறோம்.
ஒரு மணி நேரத்தில் முடிந்துபோகிறது.
மிச்சப் பகலை
நாக்கு என்ன செய்யும், எல்பியோ?"

இறைச்சி ஆலை மூடிக்கிடந்த இரண்டு வருஷம்
நான் அக்கா வீட்டில் இருந்தேன்.
வேளாவேளைக்குத் தட்டு வந்தது.
மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தேன்.
அந்தப் பள்ளம் இன்னும் இருக்கிறது,
அக்கா அதன்மேல் ரொட்டிக்கூடையை வைத்து மறைக்கிறாள்.
வயிறு நிறைந்தவனுக்கும் ஒரு பசி உண்டு,
அதற்குப் பெயர் கேட்டால்
எனக்குச் சொல்லத் தெரியாது.

தண்டவாளத்து ஓரம் எஸ்பினிஷோ மரங்கள்.
விரல் நீள முள், மஞ்சள் பூ.
மைத்துனனின் வண்டியில் கிளை வெட்டி ஏற்றி வந்து
ஏணி வைத்து
அவள் கழுத்தை முழுக்க நீட்டினால் மட்டும் எட்டும் உயரத்தில்
கட்டினேன்.
முதல் நாள் முகர்ந்துவிட்டுப் போய்விட்டாள்.
நாலாம் நாள்
முள்ளுக்கு நடுவே அந்த நாக்கு
திருடன் சாவித்துவாரத்தில் கம்பி விடுவதுபோல் நுழைந்து
ஒரு கொத்தை உருவி எடுத்தது.
அப்போது கண்ணும் அங்கேயே இருந்தது.

வண்ணம் பூசுகிறவர் ஏணியில் ஏறிக்
கிளை கட்டலாமா என்று
அலுவலகத்தில் ஒரு கோப்பு திறந்திருக்கிறார்கள்.
நகரின் ஆண்டுவிழா வருகிறது,
புகைப்படத்துக்குக் கதவு பச்சையாய் இருக்கவேண்டுமாம்.
என் முழங்கையெல்லாம் கீறல்.
கிராசியேலாவின் நோட்டில்
கம்பி நக்கும் நேரம்
நாலு மணியிலிருந்து ஒன்றரைக்கு இறங்கியிருக்கிறது.
அந்த ஒன்றரை இறங்க மறுக்கிறது.
"இன்னொரு ஒட்டகச்சிவிங்கி வேண்டும்,
இல்லையென்றால் இவள் வேறிடம் போகவேண்டும்"
என்கிறாள்.
அதற்கு என்னிடம் டப்பா இல்லை.

இந்த செப்டம்பரில்
பெஞ்சுகளுக்கு இரண்டு பூச்சு அடித்தேன்.
கதவைத் தொடவில்லை.
துருப்பிடிக்கும் என்றார் அதிகாரி.
பிடிக்கட்டும்.
நாக்கு ஓயாமல் தேய்க்கும் இரும்பில்
துரு தங்காது.

தினமும் காலையில்
வாளியைக் கீழே வைக்குமுன்
மூன்றாம் கம்பியைத்தான் பார்க்கிறேன்.
இன்று, அடியில், பற்றவைத்த இடத்தில்,
கடுகளவு செம்பழுப்பு.
துடைக்கவில்லை.

மேலே எல்லாம்
இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது.